சுட்டுவிரலில் ஒட்டிய கிரீம்

மார்ச் 3, செவ்வாய்

கண் மருத்துவர் நேற்றுக் கூறியதை இன்று நிதானமாக எழுதி வைக்கிறேன். நேற்றே எழுத உட்கார்ந்தபோது கோபம் முந்திக்கொண்டது. கோபத்தில் எழுதினால் என் வாக்கியங்கள் கோணலாகின்றன.

இடக்கண்ணில் புரை முற்றியிருக்கிறது. அறுவை செய்தாக வேண்டும். ஆனால் என் இரத்தத்தில் சர்க்கரை இப்போதுள்ள அளவில் இருக்கும்வரை அவர் கருவியைக் கையில் எடுக்கமாட்டாராம். வெறும் வயிற்றில் இருநூற்றுப் பதினெட்டு. "நூத்தம்பதுக்குக் கீழ கொண்டு வாங்கம்மா, உடனே தேதி தர்றேன்" என்றார். ஏதோ பரணிலிருந்து பெட்டியை இறக்கி வரச் சொல்வதைப் போல.

இன்று நான்கு கேக்குகளில் எழுத்து வேலை. நான்காவதில் நேர்க்கோடு என்று நம்பி நான் இட்ட வரி வலப்பக்கம் சரிந்து, கேக்கின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அது தெரியவில்லை. முதலாளியம்மா தட்டைத் திருப்பி, என் வலக்கண்ணுக்கு நேராகப் பிடித்துக் காட்டியபோதுதான் தெரிந்தது.

"கண்ணு சரியாகுற வரைக்கும் நீ பெட்டி கட்டுற பக்கம் இருந்துக்கயேன்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். இருபத்தாறு ஆண்டுகளாக இந்த வெதுப்பகத்தில் கேக்கின்மேல் எழுதப்பட்ட ஒவ்வொரு பெயரும் வாழ்த்தும் என் கையால் ஆனவை. மே மாத முடிவுவரை அவகாசம் கேட்டேன். சரி என்றார்.

ஆக, என் கண்ணும் என் மேசையும் ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன.

மார்ச் 5, வியாழன்

நூலகத்திலிருந்து இரண்டு புத்தகங்கள். ஒன்று மாவுச்சத்தைக் குறைத்து உண்பது பற்றியது. மற்றொன்று இடைவிட்ட உண்ணாநிலை பற்றியது. அதாவது, நாளின் ஒரு பகுதியில் மட்டும் உண்டு, எஞ்சிய பகுதியில் நீரோடு நிறுத்திக்கொள்வது. இரண்டும் சர்க்கரையை இறக்கவல்லவை என்கின்றன. இரண்டையும் சேர்த்துக் கடைப்பிடிப்பதென முடிவு செய்துள்ளேன்.

இவர், என் வீட்டுக்காரர், புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பட்டினின்னு சொல்றதுக்கு இவ்வளவு பக்கமா?" என்றார்.

"எனக்கு மாத்திரை குடுத்த டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடு" என்றும் சொன்னார். கேட்கமாட்டேன். சென்ற ஆண்டு முதன்முதலாக அவர்முன் உட்கார்ந்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "படிக்கத் தெரியுமாம்மா?" என் மகள் வயது இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளி முடிந்தது என்பது உண்மை. அதன்பின் நான் படித்தவற்றை அடுக்கினால் அவருடைய மேசை தாங்காது என்பதும் உண்மை. ஒன்றும் சொல்லாமல் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

(மேலே "எனக்கு மாத்திரை குடுத்த" என்று எழுதிவிட்டேன், "உனக்கு" என்றே அவர் சொன்னார். கோபம் வந்தால் இப்படித்தான்.)

மார்ச் 8, ஞாயிறு

ரொட்டி, சோறு, உருளைக்கிழங்கு, பழச்சாறு, பிஸ்கட் ஆகிய அனைத்துக்கும் விடை கொடுத்தாயிற்று. முட்டை, மீன், கீரை, முட்டைக்கோஸ், வெண்ணெய், ஒரு கைப்பிடி கொட்டைகள். நாள் முழுவதும் மாவுக்கும் சர்க்கரைக்கும் நடுவில் நிற்பவள் இவற்றைத் தொடாமல் இருப்பது எளிதன்று. அடுப்பண்ணன் முதல் தட்டு ரொட்டியை வெளியே இழுக்கும் நேரத்தில் நான் வேண்டுமென்றே கிடங்குக்குப் போய் வண்ணக் குப்பிகளை அடுக்குகிறேன்.

அவர் கண்டுபிடித்துவிட்டார். "என்ன புலவரே, என் ரொட்டி வந்தா மட்டும் ஓடிப் போறீங்க? கடன் கிடன் வாங்கிருக்கீங்களா அதுகிட்ட?"

மார்ச் 11, புதன்

தலைவலி. கால் ஆடுதசையில் இழுப்பு. மாவைக் குறைத்த முதல் வாரத்தில் உடல் நீரையும் உப்பையும் மிகுதியாக வெளியேற்றும் என்று புத்தகம் முன்கூட்டியே எச்சரித்திருந்தது. இறைச்சி வேகவைத்த நீரில் உப்பிட்டு ஒரு குவளை பருகினேன், மாலைக்குள் தெளிந்தது. எனக்கு இரத்த அழுத்தம் இல்லை. இருப்பவர்கள் உப்பில் இப்படிக் கை வைக்கலாகாது என்பதையும் படித்தே செய்தேன்.

படிக்கத் தெரியுமாவாம்!

மார்ச் 16, திங்கள்

உண்ணாநிலை இன்று தொடங்கியது. தொடக்கநிலையினர் பன்னிரண்டு மணி நேரத்தில் தொடங்கி, உடல் பழகப் பழக மெல்ல நீட்டிக்கொள்ள வேண்டும் என்கிறது புத்தகம். அது தயங்குகிறவர்களுக்குச் சொன்னது என்று கருதுகிறேன். எனக்கு அவகாசம் குறைவு. நேரடியாகப் பதினாறு: மாலை ஏழுக்குக் கடைசி உணவு, மறுநாள் பதினொன்றுக்கு முதல் உணவு.

மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை. "மருத்துவரைக் கேளாமல் எந்த மருந்தையும் நிறுத்தலாகாது" என்று தடித்த எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். எனவே காலை உணவு இல்லாவிடினும், காலை மாத்திரை நேரம் தவறாமல் உள்ளே போய்விட்டது. ஒழுங்கு என்றால் ஒழுங்கு.

மார்ச் 17, செவ்வாய்

பசிக்கவே இல்லை. வியப்பு.

மார்ச் 22, ஞாயிறு

ஒரு வாரம் நிறைவு. தளர்ச்சி இல்லை, மயக்கம் இல்லை. வேலையிடத்தில் காலைநேரம் பறக்கிறது. நான் இதற்கென்றே பிறந்தவள் போலும்.

இவர்தான் சரியில்லை. முப்பது ஆண்டுகளாக, வேலைக்குக் கிளம்புமுன் இருவரும் அடுக்களை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து உண்டவர்கள். இப்போது அவர் தட்டோடு நின்றபடியே இரண்டு வாய் தின்றுவிட்டு, மீதியை மூடி வைக்கிறார். ஏன் என்றேன்.

"எதிர்ல ஒரு ஆளு தண்ணிய மட்டும் குடிச்சிட்டு என் வாயையே பாத்துட்டிருந்தா எப்படி எறங்கும்?"

"நான் உங்கள் வாயைப் பார்ப்பதில்லை. செய்தித்தாளைப் பார்க்கிறேன்."

"செய்தித்தாள தலைகீழா வெச்சிட்டுப் பாக்குற."

மிகைப்படுத்துகிறார். ஒரே ஒரு நாள்தான் அது தலைகீழாக இருந்தது.

மார்ச் 30, திங்கள்

இரத்தப் பரிசோதனை. நூற்றுத் தொண்ணூற்றாறு.

மூன்று வாரமாக மாவை ஒதுக்கி, அதில் இரண்டு வாரம் பதினாறு மணி நேரம் வாயைக் கட்டி — இருபத்திரண்டு மட்டும்தானா இறங்கும்? புத்தகத்தில் உள்ள பெண்மணி ஆறே வாரத்தில் பாதியாக்கியிருக்கிறாள். நான் எதில் தவறினேன்? ஒவ்வொரு வேளையையும் மீண்டும் நினைத்துப் பார்த்தேன். முட்டை. மீன். கீரை. தண்ணீர். ஒரு பிசகும் இல்லை. என்னடா இது, எனக்கு மட்டும் என்ன கேடு?

மேசையில் விளக்கை இன்னும் நெருக்கமாக இழுத்து வைத்துக்கொண்டேன். அப்படியும் இன்று இரண்டு எழுத்துகளைச் சுரண்டி எடுத்துவிட்டுத் திரும்ப எழுத நேர்ந்தது. முதலாளியம்மா பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

ஏப்ரல் 2, வியாழன்

எழுதவே கை கூசுகிறது. ஆயினும் எழுதுகிறேன்.

என் மேசைக்குப் பக்கத்து மேசையில் மாவு பிசைபவள், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக என்னோடு இருப்பவள். மாவுக்காரி என்றே எல்லோரும் அழைக்கிறோம். பரிசோதனை முடிவை அவளிடம் மட்டும் சொல்லிப் புலம்பினேன். அவள் கொஞ்ச நேரம் பிசைந்துகொண்டே இருந்துவிட்டுக் கேட்டாள்:

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. அந்த கிரீமு கணக்குல வராதா?"

"எந்த கிரீம்?"

"நீங்க சாப்பிடுறது."

"நான் ஒன்றும் உண்பதில்லை."

"இதோ இப்பக் கூடச் சாப்பிட்டீங்களே!"

என் சுட்டுவிரல் வாயில் இருந்தது.

எழுத்து வேலைக்குக் கிரீம் நிரப்பிய கோனை எடுத்ததும், அதன் நுனியைச் சுட்டுவிரலால் வழித்துவிட்டே முதல் எழுத்தைத் தொடங்க வேண்டும். இல்லையேல் முதல் புள்ளி தடித்து விழும். வழித்த விரலை எங்கே துடைப்பது? துணியில் துடைத்தால் சாயம். ஆகவே வாய். அது மட்டுமா? கிரீம் அடித்து முடித்ததும் பதம் பார்க்க ஒரு வழிப்பு. எலுமிச்சைக்கு ஒன்று, காப்பிக்கு ஒன்று, சாக்லேட்டுக்கு இரண்டு. வண்ணம் சேர்த்தபின் கசப்பு ஏறியிருக்கிறதா என்று இன்னொன்று. இருபத்தாறு ஆண்டுப் பழக்கம். மூச்சு விடுவதை யார் கவனிக்கிறார்கள்?

"நீ ஏன் இதை முதல் நாளே சொல்லவில்லை?"

"அது வேலைன்னு விட்டுட்டேன்க்கா. புத்தகத்துல வேலைக்கு விலக்கு இருக்கும்னு நெனச்சேன்."

அடுப்பண்ணன் அடுப்புக்குள் தலையை விட்டுக்கொண்டு சிரித்தார். தோள் குலுங்குவது எனக்குத் தெரியாதா?

ஏப்ரல் 3, வெள்ளி

வாயையும் மூக்கையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டேன். விரலைத் துடைக்க ஈரக் காகிதம். சுவை பார்க்கும் பொறுப்பை மாவுக்காரியிடம் ஒப்படைத்தேன். அவளுக்கு எதைக் கொடுத்தாலும், "இன்னும் கொஞ்சம் இனிப்பு போடலாம்க்கா" என்பாள். பொறுத்துக்கொண்டேன்.

"யார் வீட்டுல கொள்ளை அடிக்கப் போறீங்க புலவரே?" — அடுப்பண்ணன்.

இன்றிலிருந்துதான் என் உண்ணாநிலை உண்மையானது. இதுவரை நடந்தது வெறும் நாடகம்.

ஏப்ரல் 4, சனி

பத்து மணிவாக்கில் கை சற்று நடுங்கியது. நெற்றியில் வேர்வை. எதிர்பார்த்ததே: உடல் இப்போதுதான் தன் சேமிப்பைக் கரைக்கப் பழகுகிறது. பதினொன்றுக்கு உண்டதும் சரியாயிற்று. அதுவரை தாங்கினேன் என்பதில் எனக்குப் பெருமைதான்.

ஏப்ரல் 5, ஞாயிறு

விட்டதைப் பிடிக்க வேண்டும். இரவு உணவைப் பாதியாக்கினேன். இவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து போய்த் தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்தார்.

ஏப்ரல் 7, செவ்வாய்

நேற்று எழுதவில்லை. எழுதும் நிலையில் இல்லை.

நேற்றுக் காலை ஒரு நிறுவனத்தின் விழாவுக்கு மூன்றடுக்குக் கேக். ஒன்பதரை இருக்கும். கோன் கையில் நிற்கவில்லை. எழுத்து கண்முன் இரண்டிரண்டாகத் தெரிந்தது. கண்ணால்தான் என்று நினைத்தேன். மாவுக்காரி வந்து, "அக்கா, ஏன் இப்படி வேர்க்குது?" என்றாள். அவள்மேல் எரிந்து விழுந்தேன். என்ன சொன்னேன் என்பது சரியாக நினைவில் இல்லை. நல்ல சொற்கள் அல்ல என்பது மட்டும் நினைவிருக்கிறது. கோனைத் தூக்கி எறிந்தேனாம். நானா? கருவிகளைத் துடைத்து வைக்காமல் வீட்டுக்குப் போகாதவள் நான்!

அப்புறம் எங்கோ உட்கார வேண்டும் என்று தோன்றி நடந்திருக்கிறேன். சூடான தட்டுகள் அடுக்கிய வண்டியின் பக்கமாக. கையை அதன்மேல் ஊன்றப் போன நேரத்தில் அடுப்பண்ணன் பின்னாலிருந்து இடுப்போடு சேர்த்துப் பிடித்துத் தரையில் உட்காரவைத்தார். மாவுக்காரி குவளையில் சர்க்கரையைக் கொட்டித் தண்ணீர் ஊற்றிக் கலக்கிக்கொண்டு ஓடிவந்தாள். நான் — இதை எழுதத்தான் வேண்டும் — வாயை இறுக மூடிக்கொண்டேன்.

"இன்னும் பதினொண்ணு ஆகல" என்றேனாம்.

அடுப்பண்ணன் துணியை இழுத்து இறக்கினார். "ஆகும். நீங்க இருந்தா ஆகும். வாயத் தொறங்க தாயே, ஒங்க கால்ல வேணா விழுறேன்." அந்த மனிதரின் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. திறந்தேன்.

கால் மணி நேரத்தில் உலகம் பழையபடி ஆயிற்று. மூன்றடுக்குக் கேக்கின் மேல்தட்டில் ஒரு பச்சைக் கோடு மட்டும் தாறுமாறாக ஓடியிருந்தது.

செய்தி கேட்டு இவர் வேலைப் பையோடு அப்படியே ஓடிவந்தார். சட்டையில் கிரீஸ் கறை. மின்தூக்கி பழுது பார்ப்பவர். வீட்டுக் கதவைத் திறக்கும்போது சொன்னார்:

"லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டா மணி அடிக்கணும். அதுக்குத்தான் மணி வெச்சிருக்கு. முப்பது வருஷமா பாக்குறேன், நீ ஒரு தடவ கூட அடிச்சதில்ல. உள்ளயே நின்னுட்டு நானே தொறந்துக்குறேன் தொறந்துக்குறேன்னு."



இன்று அந்த டாக்டரம்மாவிடம் போனோம்.

அதே நாற்காலி. எல்லாவற்றையும் நானே சொன்னேன்: மாவு குறைத்தது, பதினாறு மணி நேரம், மாத்திரையை ஒரு நாளும் தவறவிடாதது. கடைசிச் செய்தியைச் சற்று நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அம்மா, நான் குடுத்தது இன்சுலினப் பிழிஞ்சு வெளிய விடுற மாத்திரை. அது உள்ள போனா, சாப்பாடு பின்னாடியே வருதுன்னு நம்பி வேலைய ஆரம்பிச்சிடும். நீங்க சாப்பாட்ட அனுப்பலன்னு அதுக்கு யாரு சொல்றது?"

"மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்தக் கூடாது என்று..."

"சரிதான். அதையேதான் நானும் சொல்வேன். நிறுத்தக் கூடாது. ஆனா கேக்கணும்ல?"

எனக்கு ஒன்று மட்டும் பிடிபடவில்லை. அதையும் கேட்டேன்: இரண்டரை வாரம் இதே மாத்திரை, இதே உண்ணாநிலை, அப்போதெல்லாம் ஏன் ஒன்றும் ஆகவில்லை?

"என்ன வேலை பாக்குறீங்க?"

சொன்னேன். விரலைப் பற்றியும், கட்டிய துணியைப் பற்றியும். இவர் சுவரில் இருந்த படத்தை மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"அந்த வெரலுதாம்மா இத்தன நாளா உங்களக் காப்பாத்தியிருக்கு. சர்க்கரைய இறங்க விடாமப் பண்ணதும் அதுதான், விழ விடாமப் பிடிச்சதும் அதுதான். நீங்க அதக் கட்டிப்போட்டீங்க, மாத்திரைய அவுத்து விட்டுட்டீங்க."

என் பெருமை மொத்தமும் ஒரு விரல் கிரீமில் நின்றுகொண்டிருந்தது.

அந்த மாத்திரையை நிறுத்திவிட்டார். வேறொன்று, இரவு உணவோடு. வீட்டில் விரலைக் குத்திப் பார்க்கும் சிறு கருவி வாங்கச் சொன்னார். இரண்டு வாரத்துக்கு உண்ணாநிலை கூடாது. மூன்று வேளையும் உண்ண வேண்டும், மாவு மட்டும் குறைவாக. "ரெண்டு பெரிய மாத்தத்த ஒரே நேரத்துல ஒடம்பு மேல ஏத்தாதீங்க. ஒண்ணு பழகட்டும்."

எழும்போது கேட்டுவிட்டேன். அடக்க முடியவில்லை. "சென்ற ஆண்டு என்னைப் பார்த்துப் படிக்கத் தெரியுமா என்று கேட்டீர்களே, நினைவிருக்கிறதா?"

"எல்லார்கிட்டயும் கேப்பேனே" என்றார். "கண்ணாடி மறந்துட்டு வந்து, தெரிஞ்ச மாதிரியே தலையாட்டிட்டுப் போய், மாத்திரைய மாத்திப் போட்டவங்க நெறைய. உங்களுக்கு வருத்தமா இருந்துச்சாம்மா? அப்பவே திட்டியிருக்கலாமே."

ஓராண்டாக நான் சுமந்தது அவருக்கு நினைவுகூட இல்லை.

ஏப்ரல் 9, வியாழன்

பெட்டி கட்டும் பக்கம் மாற்றப்பட்டேன். "மே மாதம் வரை என்றீர்களே" என்று கேட்க வாயெடுத்தேன். முதலாளியம்மாவின் கண் சூடான தட்டு வண்டியின் மேல் இருந்தது. கேட்கவில்லை.

மாவுக்காரியிடம் மன்னிப்புக் கேட்டேன். "அன்று நான் உன்மீது சொரிந்த கடுஞ்சொற்கள் யாவும் என் சுயநினைவின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. எனினும் அவற்றுக்கு நானே பொறுப்பு."

"அக்கா, இது மன்னிப்பா, தீர்ப்பா?" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாவு கையால் துடைத்ததில் முகமெல்லாம் வெள்ளை. நானே ஈரக் காகிதத்தால் துடைத்துவிட்டேன்.

ஏப்ரல் 13, திங்கள்

பெட்டி, நாடா, பெட்டி. மடிப்பில் மூலை சரியாக வரவில்லை என்று ஒருவரும் சுரண்டிப் பார்ப்பதில்லை. என் மேசையில் இப்போது கேக்குகள் எழுத்தில்லாமல், பூ மட்டும் வைத்துப் போகின்றன. பூ அழகாகத்தான் இருக்கிறது. பார்க்காமல் இருக்கப் பழகுகிறேன்.

ஏப்ரல் 21, செவ்வாய்

காலை எண் நூற்று எழுபத்தெட்டு. இறங்குகிறது.

டாக்டரம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன். மாலை ஏழு முதல் காலை ஏழுவரை, பன்னிரண்டு மணி நேரம் அனுமதித்தார். அதில் பெரும்பகுதி தூக்கம். இதற்கு உண்ணாநிலை என்று பெயர் சூட்டவே எனக்கு நாணமாக இருக்கிறது. "எழுபதுக்குக் கீழ போனாலோ, நடுக்கம் வந்தாலோ, மணியப் பாக்காதீங்க. சர்க்கரையப் போடுங்க வாயில. கால் மணி கழிச்சு மறுபடி குத்திப் பாருங்க. அப்புறம் என்னக் கூப்பிடுங்க." திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். இம்முறை கோபம் வரவில்லை.

இரண்டு வாரமாகக் காலையுணவை வெதுப்பகத்திலேயே முடித்துக்கொண்டவள், இன்று காலை ஏழு மணிக்கு முட்டையும் கீரையுமாக இவர் எதிரில் உட்கார்ந்தேன். இவர் தன் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, "மகாராணி சாப்பிட வந்தாச்சா?" என்றார். முழு ரொட்டியையும் தின்று முடித்தார்.

மே 11, திங்கள்

நூற்று அறுபத்தெட்டு. ஒரு வாரமாக அங்கேயே நிற்கிறது. மே முடியப் போகிறது. நேற்று மாலை புத்தகத்தை மீண்டும் எடுத்தேன். பதினாறு மணி நேரம். இப்போதுதான் அந்த மாத்திரை இல்லையே? விரலும் வாய்க்குப் போவதில்லையே? யாருக்குத் தெரியப் போகிறது? பத்தே நாள்—

புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். இவர் கையில் சோப்பு நுரையோடு அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

இன்று காலை மணியடித்தேன். டாக்டரம்மா எண்களை எல்லாம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். இறைச்சியையும் கொட்டைகளையும் அளவின்றித் தின்கிறேனா என்றார். (கொட்டைகள். ஆமாம். பெட்டி கட்டும் பக்கத்தில் வேறென்ன செய்வது.) மாலை உண்டபின் அரை மணி நடக்கச் சொன்னார். "பதினாலு போலாம். வாரத்துல மூணு நாள் மட்டும். மத்த நாள் பன்னெண்டு. தலை சுத்தினா அன்னிக்கு விட்டுடுங்க. அதுல தோல்வி ஒண்ணும் இல்ல."

"தேதி தவறினால்?"

"தவறட்டும். கண்ணு எங்கயும் ஓடிடாது. நீங்க விழுந்தாத்தான் கஷ்டம்."

மே 16, சனி

நடை. இவரும் வருகிறார். கடைத்தெரு முனைவரை போய்த் திரும்புகிறோம். வழியில் உள்ள ஒவ்வொரு கட்டடத்தின் மின்தூக்கியின் குணநலன்களையும் விரிவாக அறிந்துகொண்டேன். நான்காம் எண் கட்டடத்தில் உள்ளது சோம்பேறியாம். மூன்றாவது மாடியில் நின்று யோசிக்குமாம்.

மே 22, வெள்ளி

இன்று பதினான்கு மணி நேர நாள். காலை எட்டுக்கு நடுக்கம் வந்தது போலிருந்தது. குத்திப் பார்த்தேன்: நூற்று ஐம்பத்திரண்டு. நடுக்கம் அல்ல, அச்சம். ஆயினும் எட்டே காலுக்கு முட்டையைத் தின்றுவிட்டேன். கடிகாரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை.

மே 26, செவ்வாய்

கண் மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் எடுத்தது: நூற்று நாற்பத்திரண்டு.

அங்கேயே, வராந்தாவில், சீட்டை வலக்கண்ணுக்கு அருகில் பிடித்து மும்முறை படித்தேன். ஒன்று, நான்கு, இரண்டு. இவரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு மடித்து, சட்டைப் பையில் வைத்து, பையின்மேல் கையை வைத்துக்கொண்டே நின்றார்.

வரும் திங்கள் அறுவை.

வெதுப்பகத்தில் சொன்னேன். அடுப்பண்ணன், "அப்ப இனிமே என் ரொட்டியோட மொகத்தப் பாப்பீங்களா?" என்றார். மாவுக்காரி பழைய மேசையின் விளக்கை ஏற்றி அணைத்து, எரிகிறதா என்று சோதித்தாள். முதலாளியம்மா கணக்குப் பார்ப்பதை நிறுத்தாமலே, "பூ வெச்சு வெச்சு எனக்கே சலிச்சுப் போச்சு, சீக்கிரம் வா" என்றார்.

மே 31, ஞாயிறு

அறுவைக்கு முன் எத்தனை மணி நேரம் உண்ணாதிருக்க வேண்டும், இரவு மாத்திரையை என்ன செய்வது — இரண்டு மருத்துவர்களிடமும் தனித்தனியாகக் கேட்டேன். இருவரும் ஒரே விடையைச் சொன்னார்கள். உண்ணாநிலையில் எனக்குப் பயிற்சி உண்டு என்று சொல்ல நா துடித்தது. சொல்லவில்லை.

அச்சமாக இருக்கிறது. அவ்வளவே.

ஜூன் 2, செவ்வாய்

நேற்று அறுவை நலமாக முடிந்தது. இன்று காலை கட்டை அவிழ்த்தார்கள்.

எழுதலாமா என்று மருத்துவரிடம் கேட்டேன்; நான்கு வரிக்கு மேல் வேண்டாம் என்றார்.

இவருடைய மீசையில் இத்தனை நரை இருப்பதை இன்றுதான் பார்க்கிறேன், சொன்னதற்கு, "கண்ணத் தொறந்ததும் குத்தம் கண்டுபிடிக்கிற வேலையா?" என்கிறார்.

நான்கு ஆயிற்று.